ஆபரேஷனைக் கண்டுபிடித்த டாக்டருக்கே அந்த ஆபரேஷன்!

97 வயதில் நெஞ்சைத் திறந்தார்கள்; "முடியாது" என்று கைவிரித்த மயக்க டாக்டர்கள்; நள்ளிரவுக் கூட்டத்தில் புகுந்த மனைவி

2005-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், ஹூஸ்டன் நகரம். ஊரே புது வருஷத்தை வரவேற்கத் தயாராகிக்கொண்டிருந்த சாயங்கால நேரம்.

ஒரு வீட்டில், படிக்கும் அறையில், ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்து சொற்பொழிவுக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். வயது 97.

திடீரென்று நெஞ்சில் சுரீர் என்று ஒரு வலி. கத்தியால் கீறி இழுத்தது போல மேல் நெஞ்சில் கிளம்பியது. முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே பாய்ந்தது. அப்படியே கழுத்துக்கு ஏறியது.

வேறு யாராவது என்றால் அலறிப் புடைத்திருப்பார்கள். அவர் அலறவில்லை. ஆம்புலன்சுக்குப் போன் போடவும் இல்லை. இன்னும் சில நொடியில் இதயம் நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த வலியோடு கிடப்பதற்கு இதயம் நின்று போனாலும் பரவாயில்லை என்று தோன்றியதாகப் பின்னால் ஒரு பத்திரிகை நிருபரிடம் அவரே சொன்னார்.

இதயம் நிற்கவில்லை. வலியும் விடவில்லை. நிமிஷங்கள் போகப் போக, தனக்கு வந்திருப்பது என்ன வியாதி என்று அவருக்குச் சந்தேகம் தட்டியது.

தட்டாமல் எப்படி இருக்கும்? அந்த வியாதியை ஆபரேஷன் செய்து குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குச் செய்து காட்டியவரே அவர்தானே!

அவர்தான் டாக்டர் மைக்கேல் டிபேக்கி. இதய ஆபரேஷன் உலகில் அவர் பெயர் தெரியாத டாக்டர் கிடையாது.

மனைவியிடம் பொய்

மனைவி கேட்ரினும் மகளும் வந்து பார்த்தபோது டாக்டர் உண்மையைச் சொல்லவில்லை. தூங்கி எழுந்ததில் தசை பிடித்துக்கொண்டது என்று மழுப்பினார். வியாதியின் பெயரைச் சொன்னால், "நான் சீக்கிரம் சாகப்போகிறேன்" என்று சொல்வது போல ஆகிவிடும் என்பது அவர் பயம்.

ஆனால் மனைவி ஏமாறவில்லை. டாக்டர்களை வீட்டுக்கு வரவழைத்துவிட்டார்.

அது என்ன வியாதி?

இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் ஒன்று உண்டு. டாக்டர்கள் "அயோர்ட்டா" என்பார்கள். தமிழில் பெருந்தமனி. ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் அகலம். இதயத்திலிருந்து மேலே ஏறி, கைத்தடியின் பிடி போல வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்கும். மூளைக்கும், கை கால்களுக்கும், குடலுக்கும், கிட்னிக்கும் ரத்தம் போவது இந்த மெயின் பைப் வழியாகத்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் இதில் பாய்கிறது.

இந்தக் குழாய்க்கு இரண்டு கேடு வரும்.

ஒன்று, வீக்கம். பழைய சைக்கிள் டயரில் ஒரு இடம் நைந்து போனால் டியூப் அந்த இடத்தில் புடைத்துக்கொண்டு வருமே, அது மாதிரி. வருஷக்கணக்கில் சத்தமே இல்லாமல் புடைக்கும். பெரும்பாலும் வலி கிடையாது. ஒரு நாள் டமார்!

இரண்டாவது, கிழிசல். இதுதான் பொல்லாதது. பெருந்தமனியின் சுவருக்கு மூன்று அடுக்கு உண்டு. லைனிங் வைத்துத் தைத்த பையில் உள்துணி கிழிந்தால் போடுகிற சில்லறை எல்லாம் லைனிங்குக்கும் வெளித்துணிக்கும் நடுவில் போய் விழும். பை கிழிந்த மாதிரி வெளியே தெரியாது. அதே கதைதான் இங்கும். உள் அடுக்கு கிழிகிறது. ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து, ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டே போகிறது. போகிற வழியில் மூளைக்கோ, கிட்னிக்கோ, காலுக்கோ பிரிகிற கிளைக் குழாயை அடைத்துவிடும். வெளி அடுக்கும் கிழிந்தால் முடிந்தது கதை.

இதயத்தை ஒட்டிய பகுதியில் கிழிசல் விழுந்து, அதைக் கவனிக்காமல் விட்டால், முதல் இரண்டு நாட்களில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பேர் வீதம் செத்துக்கொண்டே போவார்கள் என்பது டாக்டர்கள் காலம் காலமாகச் சொல்லும் கணக்கு.

கக்கூசில் செத்த ராஜா

இந்த வியாதிக்கு ராஜா, மந்திரி என்ற மரியாதை எல்லாம் கிடையாது. 1760-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி காலை. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ் எழுந்தார், வழக்கம் போலச் சாக்லேட் பானம் குடித்தார், கக்கூசுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளே "தொப்" என்று சத்தம். வேலையாள் ஓடிப் போய்ப் பார்த்தால் மன்னர் தரையில் கிடக்கிறார். வயது 76.

அரண்மனை டாக்டர் பிராங்க் நிக்கல்ஸ் உடலை அறுத்துப் பார்த்தார். இதயத்தைச் சுற்றியிருக்கும் உறை முழுக்க உறைந்த ரத்தம். பெருந்தமனியில் ஒரு கிழிசல். இந்த வியாதியைப் பற்றித் தெளிவாக எழுதிவைத்த பழைய ரிப்போர்ட்டுகளில் முக்கியமானது அது. ராஜாவின் மூலம்தான் வியாதிக்கே விலாசம் கிடைத்தது என்று சொல்லலாம்.

வாயுப் பிடிப்பு என்று நினைத்து...

வியாதியைவிடப் பெரிய எமன், அதை வேறு ஏதோ என்று நினைத்துவிடுவது.

நியூயார்க்கில் ஜோனதன் லார்சன் என்று ஒரு நாடக ஆசிரியர். வயது 35. வருஷக்கணக்கில் ஓட்டலில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு இசை நாடகம் எழுதினார். பெயர் "ரென்ட்". 1996-ம் ஆண்டு ஜனவரியில் நாடகம் அரங்கேறப் போகிற வாரத்தில் அவருக்கு நெஞ்சு வலி. ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். சாப்பாட்டில் ஏதோ கோளாறு என்றார்கள். வலி விடவில்லை. வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனார். காய்ச்சல் கிருமி என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஜனவரி 25-ந் தேதி விடியற்காலையில் அவர் வீட்டிலேயே செத்துக் கிடந்தார். பெருந்தமனிக் கிழிசல். நாடகத்தின் முதல் காட்சி அன்று ராத்திரிதான்! பிறகு அந்த நாடகம் பிராட்வேயில் 12 வருஷம் ஓடியது. எழுதியவர் ஒரு காட்சிகூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பத்து வருஷம் முன்னால், 1986-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி, ஜப்பானில் ஒரு வாலிபால் மேட்ச். அமெரிக்காவுக்காக ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய பிளோ ஹைமன் என்ற வீராங்கனை ஆட்டத்தின் நடுவில் மாற்றப்பட்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சரிந்தார். வயது 31. உயரம் ஆறடி ஐந்து அங்குலம்.

மாரடைப்பு என்றார்கள். குடும்பத்தார் விடவில்லை. பிரேதப் பரிசோதனையில் உண்மை தெரிந்தது. பெருந்தமனி கிழிந்திருந்தது. அவருக்கு "மார்பான்" என்று ஒரு பிறவிக் கோளாறு இருந்திருக்கிறது. இந்தக் கோளாறு உள்ளவர்கள் பலர் நெடுநெடுவென்று வளர்வார்கள், கை விரல்கள் நீண்டிருக்கும், ரத்தக்குழாயின் சுவர் மட்டும் பலவீனம். வாலிபாலுக்கு வரம் என்று எல்லோரும் நினைத்த அந்த உயரத்துக்குப் பின்னால் இருந்ததே இந்த வியாதிதான்.

அதோடு போகவில்லை. உடனே அவர் தம்பியையும் டெஸ்ட் செய்தார்கள். அவருக்கும் அதே கோளாறு! ஆபரேஷன் செய்து அவரைக் காப்பாற்றிவிட்டார்கள். அக்காள் சாவு தம்பி உயிரைக் காத்தது.

மாரடைப்பா, கிழிசலா என்று பிரித்துப் பார்ப்பதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. மாரடைப்புக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடுவார்கள். கிழிசல்காரருக்கு அதைப் போட்டால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றின மாதிரி. மாரடைப்பு வலி பலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். கிழிசல் வலி எடுத்த எடுப்பிலேயே உச்சம். கிழிகிற மாதிரி இருக்கும், முதுகுக்குப் பாயும், இடம் மாறும். சிலருக்கு வலது கையில் ஒரு பிரஷர், இடது கையில் ஒரு பிரஷர் காட்டும். ஈ.சி.ஜி. நன்றாகவே இருக்கலாம், அதை நம்பி வீட்டுக்குப் போகக் கூடாது. சி.டி. ஸ்கேன் எடுத்தால் நிமிஷத்தில் குட்டு உடைந்துவிடும்.

காரணங்களில் முதல் ஆள், பல வருஷம் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம். சிகரெட், பீடி அதற்குத் துணை. ரத்தக்குழாய்ப் பலவீனம் குடும்ப வழியாக வருவதும் உண்டு.

டெய்லர் வேலை தெரிந்த டாக்டர்

ஹூஸ்டனுக்குத் திரும்புவோம். இந்த டிபேக்கி யார்?

1908-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி லூசியானா மாநிலத்தில் லேக் சார்லஸ் என்ற ஊரில் பிறந்தவர். லெபனான் நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா கடைக்காரர், மருந்துக் கடை வைத்திருந்தவர். அம்மா தையலில் கெட்டிக்காரி. பையனுக்கும் ஊசி நூலைக் கையில் கொடுத்துத் தைக்கவும், பின்னவும் கற்றுக்கொடுத்தார். ஆம்பளைப் பையனுக்கு இது எதற்கு என்று அந்தத் தாய் நினைக்கவில்லை. அந்தத் தையல்தான் பின்னால் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது.

மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே, 1932-ல், ரப்பர் குழாயை உருளையால் அழுத்தி ரத்தத்தைத் தள்ளுகிற ஒரு பம்ப்பை வடிவமைத்தார். ஆபரேஷன் நேரத்தில் இதயத்துக்குப் பதிலாக ரத்தம் ஓட்டுகிற மெஷினில் பிற்பாடு அந்த மாதிரி பம்ப்தான் வைத்தார்கள்.

1950-களின் தொடக்கம். பெருந்தமனியில் வீங்கின துண்டை வெட்டி எடுக்கலாம். வெட்டின இடத்தில் எதை வைத்துத் தைப்பது? செத்தவர்கள் உடலிலிருந்து எடுத்த குழாயை வைத்துத் தைத்துப் பார்த்தார்கள். டிபேக்கியும் அவர் சகா டென்டன் கூலியும் 1953-ல் நெஞ்சுப் பகுதியில் அப்படிச் செய்து வெற்றி கண்டார்கள். ஆனால் வேண்டும்போதெல்லாம் பிணத்துக்கு எங்கே போவது? அந்தக் குழாயும் நாளாக ஆகக் கெட்டுப்போனது.

துணியில் குழாய் தைத்தால் என்ன என்று டிபேக்கிக்கு யோசனை வந்தது. ஹூஸ்டனில் போலிஸ் என்ற பெரிய கடைக்குப் போய் நைலான் துணி கேட்டார்.

நைலான் தீர்ந்துபோச்சு, டேக்ரான் என்று புதுசா ஒரு துணி வந்திருக்கு, வேணுமா என்றார்களாம் கடையில். சரி கொடுங்கள் என்று ஒரு கஜம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவியின் தையல் மெஷினில் உட்கார்ந்து தானே குழாயாகத் தைத்தார்.

டேக்ரான் என்றால் ஏதோ அபூர்வ வஸ்து என்று நினைக்க வேண்டாம். பாலியஸ்டர்தான். டெரிகாட்டன் சட்டையில் பருத்தியோடு கலக்கிறார்களே, அந்த ஜாதி நூல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்றைக்குக் கடையில் நைலான் இருந்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். நைலான் உடம்புக்குள் போனால் நாளடைவில் பலம் இழந்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. டேக்ரான் கெட்டியாக நின்றது. கடைக்காரரிடம் சரக்கு இல்லாமல் போனதில் உலகத்துக்கு லாபம்! பிறகு நெசவுக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் உதவியோடு, தையலே இல்லாமல் குழாயாகப் பின்னுகிற மெஷின் வந்தது. இன்றைக்கும் நெஞ்சுக்குள் வைப்பது பெரும்பாலும் அந்த பாலியஸ்டர் குழாய்தான்.

1954-ல் டிபேக்கியும் கூட்டாளிகளும் கிழிந்த பெருந்தமனியை ஆபரேஷன் செய்து வெற்றி கண்டார்கள். கிழிசல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று வகையாகப் பிரித்ததும் அவரே. "டிபேக்கி ஒன்று, டிபேக்கி இரண்டு" என்றுதான் மருத்துவ மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள்.

டாக்டருக்கு டிபேக்கி இரண்டு!

2006-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி மெதடிஸ்ட் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். அவர் ஆயுள் பூராவும் கத்தி பிடித்த ஆஸ்பத்திரி அது. ரிசல்ட்: டிபேக்கி இரண்டாம் வகை. இதயத்தை ஒட்டி மேலே ஏறுகிற பகுதியில் கிழிசல். குழாய் 5.2 சென்டிமீட்டருக்குப் புடைத்திருந்தது.

உடனே ஆபரேஷன் செய்ய வேண்டிய கேஸ். இதைச் சொல்லி எத்தனை பேரை அவர் டேபிளில் படுக்கவைத்திருப்பார்! ஆனால் தனக்கு என்று வந்தபோது "வேண்டாம்" என்றார். ஆஸ்பத்திரியில் சேரக்கூட மறுத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

பிடிவாதம் என்று தோன்றலாம். அவர் கணக்கு வேறு. இந்த வயதில் கத்தி வைத்தால், உயிர் பிழைத்தாலும் புத்தி தடுமாறியோ கை கால் விழுந்தோ கிடக்க வேண்டிவரும் என்று பயந்தார். அந்த ஆபரேஷனில் என்னென்ன கோளாறு வரும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? வீட்டிலேயே பிரஷரைக் குறைக்கிற மருந்தும், மாறி மாறி டாக்டர்கள் காவலுமாகப் படுத்திருந்தார்.

ஜனவரி 6-ந் தேதி என்ன செய்தார் தெரியுமா? வலி வந்த அன்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அந்தச் சொற்பொழிவு! நெஞ்சுக்குள் கிழிந்த குழாயோடு மேடையேறிப் பேசி முடித்துவிட்டு வந்தார்.

23-ந் தேதி நிலைமை முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 28-ந் தேதி ஸ்கேனில் குழாய் 6.6 சென்டிமீட்டர். பிப்ரவரி 9-ந் தேதி 7.5 சென்டிமீட்டர். பெரியவருக்கு நினைவு தப்பிவிட்டது. கூப்பிட்டால் பதில் இல்லை.

மயக்க மருந்து கொடுக்க மறுப்பு

டிபேக்கியோடு பல வருஷம் தோளோடு தோள் நின்று ஆபரேஷன் செய்தவர் டாக்டர் ஜார்ஜ் நூன். அன்றைக்கே செய்யாவிட்டால் ஆள் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். மனைவியும் சம்மதித்தார்.

ஆனால் கத்தி பிடிக்க ஆள் இருந்தால் போதுமா? மயக்க மருந்து கொடுக்க ஆள் வேண்டாமா? ஆஸ்பத்திரியின் மயக்க டாக்டர்கள் மாட்டோம் என்றார்கள்.

அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 97 வயசு. நெஞ்சைத் திறந்து இதயத்தை நிறுத்துகிற ஆபரேஷன். டேபிளிலேயே உயிர் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலே, நோயாளி தெளிவாக இருந்தபோது ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்றவர் நினைவில்லாமல் கிடக்கும்போது அறுப்பது எப்படிச் சரி?

விஷயம் ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவுக்குப் போனது. ராத்திரியில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். கடிகாரம் ஓடியது.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார் கேட்ரின்!

நீங்கள் பேசி முடிப்பதற்குள் என் கணவர் செத்துப்போவார், முதலில் வேலையைப் பாருங்கள் என்கிற அர்த்தத்தில் பொரிந்து தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு குழு ஆபரேஷனுக்குத் தலையசைத்தது.

மயக்க மருந்து கொடுக்க ஓடி வந்தவர் டாக்டர் சல்வா ஷெனாக் என்ற பெண்மணி. டிபேக்கியோடு 22 வருஷம் வேலை பார்த்தவர். அப்போது அவர் வேலையில் இருந்தது ஊரிலிருந்த ராணுவ வீரர்கள் ஆஸ்பத்திரியில். அந்த ஆஸ்பத்திரியின் பெயர் என்ன தெரியுமா? மைக்கேல் டிபேக்கி ஆஸ்பத்திரி!

ஏழு மணி நேரம்

நள்ளிரவை நெருங்கும்போது தொடங்கினார்கள்.

இந்த ஆபரேஷனில் நெஞ்செலும்பை நடுவே அறுத்து விரிப்பார்கள். ரத்தத்தை மெஷினுக்குத் திருப்பிவிட்டு இதயத்தை நிறுத்துவார்கள். கிழிந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் துணிக்குழாயை வைத்து, மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று தைப்பார்கள். நைந்த சுவரில் ஊசி ஏற்றுவது நனைந்த காகிதத்தில் தைப்பது மாதிரி. ஒரு தையல் பிசகினால் ரத்தம் பீய்ச்சி அடிக்கும். வால்வும் கெட்டிருந்தால் வால்வோடு சேர்ந்த குழாய் வைப்பார்கள். அந்த முறையை 1968-ல் லண்டனில் பென்டால் என்ற டாக்டர் எழுதிவைத்தார்.

மூளைக்குக் கிளை பிரிகிற வளைவுப் பகுதி வரை வியாதி போயிருந்தால் இன்னும் சிக்கல். உடம்பை ஐஸ் போலக் குளிர்விப்பார்கள். 37 டிகிரி உடம்பை 20 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். இதயம் ஓடாது, மூச்சு கிடையாது. அந்தக் குளிரில் மூளைக்கு ரத்தம் அதிகம் தேவைப்படாது என்பதுதான் சூட்சுமம். அரை மணி நேரத்துக்குள் வளைவைத் தைத்து முடித்தாக வேண்டும். முதுகெலும்பை ஒட்டி இறங்குகிற பகுதியில் கை வைத்தால் வேறு பயம். தண்டுவடத்துக்குப் போகிற ரத்தம் தடைப்பட்டு இரண்டு காலும் விழுந்துவிடலாம்.

டிபேக்கிக்கு வைத்தது ஆறேழு அங்குல டேக்ரான் குழாய். ஐம்பது வருஷம் முன்னால் அவர் வீட்டுத் தையல் மெஷினில் தைத்தாரே, அதன் வாரிசு.

ஏழு மணி நேரம் ஆயிற்று. இதயத்தைத் திரும்ப ஓடவிட்டார்கள். ஓடியது!

இந்த ஆபரேஷனில் பிழைத்தவர்களிலேயே மிக அதிக வயதுக்காரர் அதைக் கண்டுபிடித்தவரே என்று அப்போது சொன்னார்கள்.

பிழைத்தது சும்மா இல்லை

இங்கே "சுபம்" போட்டுவிட முடியாது. அதற்குப் பிறகுதான் உண்மையான பாடு. வாரக்கணக்கில் மூச்சு விட மெஷின். தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய். குழாய் வழியாகவே சாப்பாடு. கிட்னி வேலை செய்யாமல் டயாலிசிஸ். பேச்சு இல்லை. உடம்பில் சதை கரைந்து தலையைத் தூக்கக்கூட பலம் இல்லை. அவர் எதற்குப் பயந்தாரோ அது நடந்துவிட்டதோ என்று கூட இருந்தவர்களுக்கே சஞ்சலம்.

மே 16-ந் தேதிதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜூன் மாதம் மறுபடி ஆஸ்பத்திரி. பிறகு மெல்ல மெல்ல எழுந்தார். நடக்கப் பழகினார். புத்தி துளிகூட மங்கவில்லை. அந்த வருஷமே மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்.

வேண்டாம் என்று சொன்னவரைக் கேட்காமல் அறுத்தார்களே, அவர் என்ன சொன்னார்? பிழைத்தெழுந்ததும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டாக்டர்கள் செய்தது நல்லதுதான் என்று மகிழ்ந்தார். அவர் உயிரோடு எழுந்ததால் கேள்வி அடங்கிப்போனது. படுக்கையிலேயே கிடந்திருந்தால் யார் யாருக்குப் பதில் சொல்லியிருப்பார்கள் என்பது வேறு விஷயம். அமெரிக்க டாக்டர்கள் மத்தியில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது.

ஆஸ்பத்திரி பில்? 10 லட்சம் டாலருக்கு மேல். டிபேக்கியிடம் ஆஸ்பத்திரியும் டாக்டர்களும் காசு வாங்கவில்லை. அவர் பெயரால் அந்த ஊருக்கு வந்த நோயாளிகளைக் கணக்குப் பார்த்தால் அது ஒரு தொகையே இல்லை.

இப்போது கத்தி இல்லாமலும்...

நெஞ்சைத் திறக்காமல் ரிப்பேர் செய்யும் வழியும் வந்துவிட்டது. தொடையில் சின்ன துவாரம் போட்டு, மடக்கிவைத்த துணிக்குழாயை ரத்தக்குழாய் வழியாகவே மேலே அனுப்பி, சரியான இடத்தில் குடை மாதிரி விரித்துவிடுகிறார்கள். உள்ளே உலோக வலை, மேலே துணி. நெஞ்சுப் பகுதியில் இதை 1987-ல் சோவியத் உக்ரைனில் கார்கிவ் நகரில் வொலோடோஸ் என்ற டாக்டர் முதலில் செய்தார். 1990-களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் இது பரவலாயிற்று.

ஆனால் இது பெரும்பாலும் கீழே இறங்குகிற பகுதிக்குத்தான். டிபேக்கிக்கு வந்தது போல இதயத்தை ஒட்டிக் கிழிந்தால் இன்றைக்கும் கத்திதான், அதுவும் உடனே.

கிழியாமல் வீக்கம் மட்டும் இருப்பவர்களுக்கு அவசரம் இல்லை. வருஷா வருஷம் ஸ்கேனில் அளந்துகொண்டே வருவார்கள். பொதுவாக 5.5 சென்டிமீட்டரை எட்டினால் ஆபரேஷன். மார்பான் கோளாறோ குடும்பத்தில் இந்தச் சாவோ இருந்தால் அதற்கு முன்பே. திட்டம் போட்டுச் செய்கிற ஆபரேஷனுக்கும், கிழிந்த பிறகு ஓடி ஓடிச் செய்கிற ஆபரேஷனுக்கும் ஆபத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அண்ணனோ, அப்பாவோ இப்படிப் போயிருந்தால் கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

38 வருஷப் பகை

பிழைத்ததில் இன்னொரு காரியமும் நடந்தது. ஆரம்பத்தில் டிபேக்கியோடு சேர்ந்து ஆபரேஷன் செய்தாரே டென்டன் கூலி, அவருக்கும் இவருக்கும் 1969-லிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. தன் ஆராய்ச்சிக்கூடத்துச் செயற்கை இதயத்தைத் தன்னைக் கேட்காமல் ஒரு நோயாளிக்கு வைத்துவிட்டார் என்று டிபேக்கிக்கு ஆத்திரம். ஒரே ஊரில், பக்கத்துப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு முகம் கொடுக்காமல் 38 வருஷம்!

2007-ல் கூலியின் பெயரில் இயங்கும் டாக்டர்கள் சங்கம் டிபேக்கிக்கு விருது கொடுத்தது. வருவாரா, மாட்டாரா என்று எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். டிபேக்கி வந்தார். இரண்டு கிழவர்களும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

2008-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கத்தை வாஷிங்டனில் நேரில் போய் வாங்கினார். அதே வருஷம் ஜூலை 11-ந் தேதி ஹூஸ்டனில் இறந்தார். நூறு வயதுக்கு இரண்டு மாதம் குறைவு. உடலை ஹூஸ்டன் நகரசபைக் கட்டிடத்தில் ஜனங்கள் பார்வைக்கு வைத்தார்கள். அந்தக் கட்டிடத்தில் அப்படி வைக்கப்பட்ட முதல் ஆள் அவர்தான். அவரிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.